சீனன்குடாவின் வாயில் யாருக்குத் திறக்கும்?

திருகோணமலைக்குப் பன்னாட்டு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு புதியதன்று. ஆயினும், 2023ஆம் ஆண்டு யூலைத் திங்களில் இலங்கைச் சனாதிபதி புதுடில்லிக்குச் சென்றபோது இரு அரசுகளும் வெளியிட்ட கூட்டு ஆவணம் அப்பேச்சுக்குப் புத்துயிர் அளித்தது. சென்னைக்கும் திருகோணமலைக்கும் இடையே விமானத் தொடர்பு ஏற்படுத்துவது பற்றி ஆராயப்படும் என அதில் எழுதப்பட்டது. ‘ஆராயப்படும்’ என்ற சொல்லுக்கு அரசியல் அகராதியில் எத்துணை நீண்ட ஆயுள் உண்டென்பதை எமது வாசகர் நன்கறிவர். எனினும் அச்சொல்லையே நாம் ஒரு வாய்ப்பாகக் கொள்கின்றோம். ஆராய்ச்சி நடக்கட்டும். அதில் திருமலை மக்களின் குரலும் சேரட்டும். தீர்ப்பு எழுதப்பட்ட பின்னர் வழக்குரைப்பதில் பயனில்லை.

சீனன்குடாவில் விமானத் தளம் ஒன்று ஏற்கெனவே உண்டு. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 2,400 மீற்றர் நீளமுடையது. நடுத்தர அளவான பயணி விமானங்கள் வந்திறங்கப் போதுமான நீளம் அது. வடக்கே உப்புவெளியும் நிலாவெளியும் குச்சவெளியும் வெண்மணல் விரித்துக் கிடக்கின்றன. கடலுக்குள் புறாத்தீவின் பவளப்பாறைகள், ஊர்த்தலையில் திருக்கோணேசுவரம், மேற்கே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று வாசலில் நிற்கின்றது. இத்தனையும் இருந்தும், இவற்றைக் காண வருகின்ற வெளிநாட்டார் கட்டுநாயக்காவில் இறங்கி, ஆறு மணி நேரம் தரைவழியே உடல் நோகப் பயணஞ் செய்தே இங்கு வந்து சேர வேண்டியிருக்கின்றது. உள்நாட்டுச் சிறு விமானங்கள் அண்மை ஆண்டுகளிற் பறந்ததுண்டு. அவை ஏற்றி வந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே, சீனன்குடா பன்னாட்டு விமான நிலையமாக வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. எவருக்காக, எவர் கையில், எவருடைய நிலத்தில் என்பனவே எமது வினாக்கள்.

இரு தளங்களின் கதை

சீனன்குடா விமானத் தளம் வெள்ளையர் தம் போர்த் தேவைக்காக அமைத்த தளம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் இத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பேரரசுகளின் போரில் எம் ஊர் இலக்காயிற்று. போருக்குக் காரணமானவர் எவரும் எம் ஊரார் அல்லர்.

பின்னர் 1957ஆம் ஆண்டு வந்தது. ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கை அரசு ஏற்றுக்கொண்டது. நவம்பர் முதலாம் நாள் கட்டுநாயக்கா விமானத் தளம் கைமாறியது. சீனன்குடாவும் இலங்கையின் உடைமையாயிற்று. நாடெங்கும் வெற்றி முழக்கம் கேட்டது. ஆனால், தளத்தை நம்பி வாழ்ந்த திருமலைத் தொழிலாளர் பலர் வேலையிழந்து நின்றனர். கொடி மாறியபோது அவர்களின் அடுப்பைப் பற்றி எண்ணியவர் சிலரே.

அதே 1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. காணியும் குடியேற்றமும் பிரதேச சபைகளின் அதிகாரத்துக்கு உட்படும் என அது கூறிற்று. மறு ஆண்டு ஏப்பிரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. ஓராண்டில் இரண்டு வாக்குகள் பிறந்தன. பிரித்தானியரிடமிருந்து தளங்களை மீட்கும் வாக்கு நிறைவேறிற்று. மீட்ட நிலத்தின் மீது அப்பகுதி மக்களுக்கு உரிமை தரும் வாக்கு மட்டும் காற்றிற் கலந்தது. சீனன்குடாவின் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1957ல் கைமாறிய இவ்விரு விமானத் தளங்களும் பின்னர் என்னவாயின? கட்டுநாயக்கா 1960களின் பிற்பகுதியில் நாட்டின் பன்னாட்டு வாயிலாக வளர்க்கப்பட்டது. இன்று அதனைச் சுற்றி நகரங்களும் தொழிற்சாலைகளும் விடுதிகளும் பல்லாயிரவர் பிழைப்பும் பெருகியுள்ளன. சீனன்குடாவோ விமானப் படையின் பயிற்சிக் கழகமாகவே நின்றுவிட்டது. விதையிரண்டும் ஒரே மரத்தினவே. ஒன்றுக்கு நீர் வார்க்கப்பட்டது. மற்றொன்றுக்கு வேலி மட்டுமே போடப்பட்டது.

‘பாதுகாப்புக் காரணம்’ என்பர் சிலர். 2008ஆம் ஆண்டு ஓகஸ்டில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மீது வான்வழித் தாக்குதல் நடந்ததையும் அவர்கள் சுட்டுவர். நடந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், 2001ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள் கட்டுநாயக்கா தாக்கப்பட்டு, போர் விமானங்களோடு பயணி விமானங்களும் எரிந்து கரியானபோது, பன்னாட்டு நிலையத்தை மூடிவிடுவோம் என எவரேனும் கூறினரா? கூறவில்லை. விமானப் படையும் பயணி விமானங்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்வது கட்டுநாயக்காவில் இயலுமெனில், போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்ட இந்நாளில் சீனன்குடாவில் இயலாதது ஏன்? கம்பஹாவுக்கு ஒரு நீதி, கிழக்குக்கு ஒரு நீதியா?

வெண்ணெயும் நெய்யும்

‘விமான நிலையத்தைத் திறந்தால் பயணிகள் வருவார்களா? இன்னொரு மத்தளை ஆகிவிடாதா?’ என்று கேட்போரும் உளர். இக்கேள்வி நியாயமானது.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தளையில், யானைகள் நடமாடும் காட்டை வெட்டி, சீனாவிடம் கடன்பட்டு, இருபது கோடிக்கு மேற்பட்ட அமெரிக்க டொலர் செலவில் ஒரு விமான நிலையம் கட்டப்பட்டது. 2013ஆம் ஆண்டு மார்ச்சில் அது திறக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகள் வருவர் என்ற கணக்கு காகிதத்தில் இருந்தது. வந்தவர்கள் மிகச் சிலர். ‘உலகின் மிக வெறுமையான விமான நிலையம்’ என்ற பட்டமே அதற்குக் கிடைத்தது. ஒரு கட்டத்தில் அங்கே நெல் மூடைகள் அடுக்கி வைக்கப்பட்டன.

மத்தளை தோற்றது விமான நிலையம் தேவையற்ற ஒன்று என்பதனாலன்று. பயணி எங்கே இருக்கின்றான் என்று கேளாமல், ஆட்சியாளரின் சொந்த ஊர் எங்கே இருக்கின்றது என்று கேட்டுக் கட்டியதனால் தோற்றது. ஓடுபாதையும் கடற்கரையும் துறைமுகமும் மக்களும் ஒருங்கே அமைந்த சீனன்குடாவைப் பூட்டி வைத்துவிட்டு, காட்டுக்குள்ளே புதிய ஓடுபாதை தேடியவர்கள், வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களே.

கரிபியன் கரை தரும் பாடம்

கடற்கரை ஒன்றை நம்பி எழுந்து வெற்றி கண்ட விமான நிலையம் உலகில் இல்லையா? உண்டு. கரிபியன் கடலின் டொமினிக்கன் குடியரசில், நாட்டின் கிழக்கு முனையில் உள்ள புண்டா கானாவை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டில், தொழிலாளர் பிணக்குகளைத் தீர்த்து வைப்பதில் பேர்பெற்ற நியூயோர்க் வழக்கறிஞர் தியோடர் கீலும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே காடும் கரையுமாகக் கிடந்த பெருநிலம் ஒன்றை வாங்கினர். பிராங் ரைனியேரி என்ற டொமினிக்க இளைஞர் அவர்களோடு சேர்ந்தார். 1971ல் சில குடில்களைக் கொண்ட சிறு விடுதி எழுந்தது. விருந்தினர் வந்து சேர நல்ல பாதையில்லை. விமான நிலையமின்றி விடுதி பிழைக்காது என்று கண்ட அவர்கள், தம் முதலிலேயே ஒன்றைக் கட்டினர். 1983ஆம் ஆண்டின் இறுதியில், ஓலை வேய்ந்த கூரையுடன் அது திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அதனூடாக வந்தோரும் சென்றோருமாக ஏறத்தாழ 90 இலட்சம் பேர் பயணஞ் செய்தனர். பாதியை வருகையெனக் கொண்டாலும் 45 இலட்சம். 2024ஆம் ஆண்டில் இலங்கைத் தீவு முழுவதற்கும் வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க!

இந்த எண்களைக் கண்டு மயங்கி, ‘திருமலையையும் ஒரு புண்டா கானா ஆக்குவோம்’ என்று புறப்படுவோர் சிலர் வரக்கூடும். அவர்கள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, பணத்தின் போக்கு. அக்கரையின் விடுதிகளிற் பெரும்பாலானவை உணவு, குடிவகை, தங்குமிடம், களியாட்டம் அனைத்துக்கும் சேர்த்து ஒரே கட்டணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்பவை. பயணி தன் நாட்டிலேயே பணத்தைக் கட்டிவிடுகின்றான். விமானத்தை விட்டு இறங்கி விடுதி வண்டியில் ஏறுகின்றான். ஒரு கிழமை மதிலுக்குள்ளே இருந்துவிட்டு அதே வண்டியிற் திரும்புகின்றான். ஊர்க் கடைக்காரன் அவனைக் காண்பதேயில்லை. விடுதிகளிற் படுக்கை விரிப்போரும் பாத்திரம் கழுவுவோரும் கடற்கரையிற் குடியிருக்கவும் வழியில்லை. அவர்களுக்காக வெரோன் என்னும் குடியிருப்பு உள்நிலத்தில் திட்டமின்றிப் பெருகிற்று. மதிலுக்கு ஒருபுறம் நீச்சற்குளம். மறுபுறம் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு.

இரண்டாவது, நிலம். புண்டா கானாவில் அவர்கள் வாங்கியது பெரும்பாலும் ஆளரவமற்ற கரை. எமது கரை அத்தகையதன்று. நிலாவெளியில் ஒவ்வொரு கரைவலைப் பாட்டுக்கும் வழிவழி வந்த உரிமை உண்டு. மணலென்று பயணி காண்பது மீனவனுக்கு வலை இழுக்கும் களம். கருவாடு காயும் முற்றம். வள்ளம் தங்கும் இடம். ஓடுபாதையின் அண்டையிலோ தம்பலகாமத்தின் நெல்வயல்கள்.

மூன்றாவது, பருவம். வடபுல நாடுகளிற் பனி கொட்டும் மாரியில், கரிபியன் கடல் அமைதியாக இருக்கும். அதுவே அக்கரையின் பெரும் வணிகக் காலம். எமக்கோ அக்காலம் வாடைக்காற்றும் வடகீழ்ப் பருவமழையும் கொந்தளிக்கும் கடலும் கூடிய காலம். திருமலைக் கடல் அமைதியுறுவது சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலே. இலங்கையின் தென்மேற்குக் கரையில் மழை பெய்யும்போது இங்கே வெயில் எறிக்கும் என்பது எமக்குள்ள சிறப்பு. ஆனால், அச்சிறப்பு ஆண்டில் ஆறு மாதத்துக்கு உரியது. எஞ்சிய ஆறு மாதம் விமான நிலையம் எதனை உண்டு உயிர்வாழும்?

இந்த மூன்றாவது செய்தியே எமது வழக்கின் உயிர்நாடி. உல்லாசப் பயணி ஆறு மாத விருந்தாளி. பன்னிரண்டு மாதமும் பயணஞ் செய்பவர்கள் மக்களே. சென்னைக்கு மருத்துவத்துக்குச் செல்லும் நோயாளி, திருச்சிக்குக் கல்வி தேடிப் போகும் மாணவன், கோணேசரைத் தரிசிக்க வரும் அடியவர், வளைகுடா நாடுகளிற் கூலிக்கு உழைக்கும் கிண்ணியா, மூதூர் இளைஞர், கனடாவிலும் இலண்டனிலுமிருந்து தாய் தந்தையரைக் காண வரும் பிள்ளைகள், தம் பண்டத்தை விற்க வழி தேடும் வணிகர் — இவர்கள் அனைவரும் இன்று கட்டுநாயக்காவுக்கு ஓரிரவைப் பாதையிற் கழித்துச் செல்கின்றனர். இவர்களுக்காகத் திறக்கும் விமான நிலையம் மாரியிலும் மூடாது. உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பித் திறப்பது ஆண்டிற் பாதி உறங்கும். ஆகவே, மக்களை முன்வைத்துத் திட்டமிடுவது இரக்கத்தினாற் செய்யும் உபகாரமன்று. வணிகக் கணக்கும் அதனையே வேண்டுகின்றது.

பலாலி காட்டியதும் காட்டாததும்

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தது. சென்னையிலிருந்து ஏ.ரி.ஆர். வகைச் சிறு விமானங்கள் வந்தன. கொள்ளைநோயினால் 2020ல் நின்ற சேவை 2022ஆம் ஆண்டு திசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்னொரு இந்திய நிறுவனமும் அவ்வழியிற் பறக்கலாயிற்று. பெரும் விடுதிகள் வரிசையாக நிற்கும் கரையன்று பலாலி. அவ்விமானங்களை நிரப்புவோர் உறவினரும் வணிகரும் யாத்திரிகருமே. சிறிதாகத் தொடங்கினாலும் மக்களின் தேவையைப் பற்றிக்கொண்டு தொடங்கியது நிலைக்கும் என்பதைப் பலாலி காட்டியிருக்கின்றது.

ஆயின், பலாலிக்கு மற்றொரு முகமும் உண்டு. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் விமானத் தளத்தைச் சுற்றிய வேலிக்குள்ளே சிக்கின. 2019ல் நாடா வெட்டி விளக்கேற்றிய நாளில், தம் வீடும் தோட்டமும் மீளாத குடும்பங்கள் பல இருந்தன. விமான நிலையம் வந்தது, காணி வரவில்லை. சீனன்குடாவிற் திரும்பக் கூடாத பாடம் இதுவே.

திருமலை மக்களுக்கு இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினர். கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டு கிடந்தனர். அவர்களின் நிலம் முதலிற் பாதுகாப்பு வலயம் என்றார்கள். பின்னர் அனல்மின் நிலையத்துக்கு என்றார்கள். கைத்தொழில் வலயத்துக்கு என்றும் சொன்னார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்கள் தம் மண்ணை மிதித்தனர். நிலக்கரி அனல்மின் நிலையமோ 2016ல் கைவிடப்பட்டது! வராத ஆலைக்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முகாமில் வளர்ந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடாவிலும், போருக்குப் பின்னர் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, மீனவர் தம் வாடிகளோடும் வள்ளங்களோடும் ஒதுங்க நேர்ந்தது. ‘அபிவிருத்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்கள் காணி உறுதியைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவது இதனாலேயே.

ஒப்பந்தங்களில் இல்லாத பெயர்

திருகோணமலையைப் பற்றி எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. 1987ல் இந்திய–இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறிய கடிதங்களில் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் இடம்பெற்றன. 2003ல் தாங்கிகள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் குத்தகைக்குச் சென்றன. 2022 சனவரியில் அங்குள்ள 99 தாங்கிகளும் மூன்றாகப் பிரிக்கப்பட்டன: 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்பிரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. எண்ணெய்க்கு ஒப்பந்தம் உண்டு, துறைமுகத்துக்கு உண்டு, மின்சாரத்துக்கு உண்டு. துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களை ஒரு தரப்பாக மதித்து எழுதிய ஒப்பந்தம் எங்கே? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு முறை இத்துறைமுகத்துக்காகப் பொருதினர். அவர்களுள் எவரும் இங்குள்ள குடிகளைக் கேட்டதில்லை. குடியாட்சிக் காலத்திலும் அதே வழக்கம் தொடர்வதா?

விமான நிலையங்கள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உரியவை என்று அரசியலமைப்பைக் காட்டுவர். அதனை நாம் அறிவோம். ஆயினும், கிழக்கு மாகாணத்தின் தலைநகர் திருகோணமலையே. அங்கிருந்த மாகாண சபையின் பதவிக் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர், ஆண்டுக்கணக்கிற் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்களின் வாயை அடைத்து வைத்துக்கொண்டு, ‘உங்கள் கருத்தை எவரும் கூறவில்லையே’ என்று கேட்பது எவ்வகை நியாயம்?

நாம் வேண்டுவன

சீனன்குடா திறக்கப்படுக என்று கூறும் நாம், பின்வருவனவற்றைத் திட்டவட்டமாக முன்வைக்கின்றோம்.

ஒன்று: பயணிகள் நிலையம் சிவில் நிருவாகத்தின் கீழ் இயங்க வேண்டும். விமானப் படை தன் பயிற்சியைத் தன் எல்லைக்குள் நடத்தட்டும். சுங்கமும் குடிவரவும் பயணச் சீட்டும் சிவில் அலுவலர் கையில் இருக்கட்டும்.

இரண்டு: ஏற்கெனவே அரசின் கையிலுள்ள நிலத்துக்குள்ளேயே விரிவாக்கம் அடங்க வேண்டும். அதற்கு அப்பால் ஓரடி நிலம் தேவையெனினும், வரைபடத்தை முன்கூட்டியே தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டு, மக்களைக் கூட்டி, அவர்கள் வாக்கைக் கேட்ட பின்னரே எடுக்க வேண்டும். இழப்பீடாகக் காசை வீசிவிட்டுப் போகாமல், நிலத்துக்கு நிலமும் உறுதியும் கொடுக்க வேண்டும். கரைவலைப் பாடுகளும் மீனவர் வாடிகளும் எத்திட்டத்தின் பெயராலும் அகற்றப்படலாகாது.

மூன்று: முதற் சேவை சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்குமாக இருக்கட்டும். சிறு விமானங்களோடு, ஏழையும் ஏறக்கூடிய கட்டணத்தில், ஆண்டு முழுவதும் நடக்கட்டும். அதன் மீது உல்லாசப் பயணிகளின் பருவகால விமானங்கள் வந்து சேரட்டும். அடித்தளம் மக்கள், மேல்மாடி விருந்தினர்.

நான்கு: வேலை. கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் இருக்கின்றது. தமிழர், முசிலிம்கள், சிங்களவர் ஆகிய மூவின இளைஞருக்கும் விமான நிலையப் பணிகளிலும் விடுதித் தொழிலிலும் முன்கூட்டியே பயிற்சி அளிக்கப்பட வேண்டும். திறப்பு விழா நாளில் ‘தகுதியுள்ளோர் இம்மாவட்டத்தில் இல்லை’ என்று கூறி வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கும் பழைய நாடகம் மீண்டும் அரங்கேறலாகாது. விடுதிகள் மீனையும் அரிசியையும் மரக்கறியையும் இம்மாவட்டத்திலேயே கொள்வனவு செய்ய ஏற்பாடு வேண்டும்.

ஐந்து: தமிழ். 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரச மொழி. அறிவிப்பும் பலகையும் படிவமும் தமிழில் இருப்பதோடு, அவ்விருக்கைகளில் அமர்வோரும் தமிழ் பேசுவோராக இருத்தல் வேண்டும். பலகை மட்டும் தமிழ் பேசி, அலுவலர் பேசாதிருப்பது கேலிக்கூத்து.

இக்கோரிக்கைகளில் எதுவும் அரசின் கருவூலத்தைக் காலி செய்வதன்று. மத்தளையில் மண்ணாய்ப் போன பணத்தின் ஒரு பகுதி போதும்.

எம்மவர்க்கும் ஒரு சொல்

ஆட்சியாளரை நோக்கிப் பேசிய நாம், எமது மக்களிடமும் பேசக் கடமைப்பட்டுள்ளோம். ‘விமான நிலையம் வந்தால் நிலம் போகும், ஆகவே அது வேண்டா’ என்று கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்போர் உளர். அவர்களின் அச்சத்தை நாம் மதிக்கின்றோம். முடிவை ஏற்கமாட்டோம். நாம் வேண்டாவென்று இருந்துவிட்டால் அது வராமற் போய்விடாது. எமது நிபந்தனைகள் இன்றி வரும். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை என்பது மட்டுமன்று. கேட்காத பிள்ளையின் பங்கையும் பிறர் குடித்துவிடுவர்.

‘நல்ல விலை வருகின்றது’ என்று கடற்கரைக் காணியைத் தரகர் கையிற் கொடுக்கும் அவசரக்காரரும் உளர். இன்று விற்ற பணம் பெண்ணின் கல்யாணத்தோடும் பிள்ளையின் பயணத்தோடும் கரைந்துவிடும். நாளை அதே காணியில் எழும் விடுதியின் வாசலில் அப்பிள்ளை காவலாளி வேலைக்கு மனுக் கொடுத்து நிற்பான். காணியை விற்காமற் குத்தகைக்கு விடலாம். கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சிறு விடுதிகளைத் தாமே நடத்தலாம். மீனவர் சங்கங்கள் புறாத்தீவுக்குப் படகு விடும் உரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, அப்பவளப்பாறை மிதிபட்டு அழியாமற் காக்கவும் செய்யலாம். பாறை செத்தால் பயணியும் வரான், மீனும் வராது.

இம்மாவட்டத்தில் மூவினத்தாரும் நெருங்கி வாழ்கின்றனர். ஓர் இனத்தாரின் காணிக்கு ஆபத்து வரும்போது மற்றோர் இனத்தார் வேடிக்கை பார்த்தால், ஒவ்வொருவரின் முறையும் வரும். தம்பலகாமத்து உழவனும் கிண்ணியா மீனவனும் சீனன்குடாத் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே கோரிக்கையை எழுதுவார்களாயின், அதனைப் புறந்தள்ளும் துணிவு எந்த அரசுக்கும் வராது.

சனாதிபதி முதல் மாவட்டச் செயலாளர் வரை பொறுப்பிலுள்ளோர் அனைவரையும் நாம் கேட்பது ஒன்றே. சீனன்குடா பற்றிய ஆராய்ச்சி எந்நிலையில் உள்ளது? எந்நிலம் வேண்டப்படுகின்றது? எவருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்படும்? இவற்றை மக்கள் முன் வைக்கட்டும். திருமலைப் பட்டினத்திற் கூட்டம் கூட்டட்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் கூட்டட்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தளத்தின் மீது பறந்த விமானங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வாழ்ந்த மக்களுக்கு, அவற்றில் ஏறவும் உரிமை உண்டு. அவை இறங்கும் நிலத்தைப் பற்றிப் பேசவும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கேட்க இதுவே காலம். ஓடுபாதைக்குப் புதிய தார் ஊற்றிய பின்னர் கேட்டாற் பயனில்லை.